ஃபோர்ட்ரான் 77 கோப்பில் நிறம் பிசகினால்: எடிட்டரில் படிப்படியாகச் சரிசெய்யும் முறை

ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் எழுதிய பழைய கோப்பு ஒன்றை எடிட்டரில் திறக்கிறீர்கள். முதல் பதின்மூன்று வரி பரவாயில்லை. பதினான்காவது வரியில் யாரோ எப்போதோ எழுதிவைத்த கமென்ட், அதாவது கணினி பொருட்படுத்தாத குறிப்பு: "டோன்'ட் சேஞ்ச் திஸ் லூப்". அந்த ஒற்றை மேற்கோள் குறியில் ஆரம்பித்து எல்லாமே ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) நிறத்துக்கு மாறிவிடுகிறது. எங்கோ கீழே நிஜமான ஸ்ட்ரிங் ஒன்று வரும்போது நிலைமை தலைகீழ்: ஸ்ட்ரிங்கின் உள்ளே இருப்பது கட்டளை மாதிரி தெரிகிறது, கட்டளைகள் ஸ்ட்ரிங் மாதிரி தெரிகின்றன. தீம் மாற்றிப் பார்ப்பீர்கள். எடிட்டரை மூடித் திறப்பீர்கள். ஒன்றும் நடக்காது.

இதில் தீமின் குற்றம் எதுவும் இல்லை. ஃபோர்ட்ரானுக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. எடிட்டர் ஒன்றை மற்றொன்று என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான். ஃபோர்ட்ரான் நிறக் குழப்பம் என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தில்தான் போய் முடிந்தன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

ஒரு விஷயம் முதலிலேயே. கட்டளைகளை, தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். அடிக்கோடு, கோலன், சமக்குறி எல்லாம் உள்ளது உள்ளபடியே.

72 கட்டம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது

ஃபோர்ட்ரான் 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வந்த மொழி. நிரலைத் துளை அட்டையில் அடித்துக் கொடுப்பார்கள். ஓர் அட்டை ஒரு வரி, அட்டைக்கு 80 கட்டம். 704இன் அட்டை வாசிப்பான் ஒவ்வொரு கிடைவரிசையையும் 36 பிட் சொற்கள் இரண்டாக வாசித்தது. 36ஐ இரண்டால் பெருக்கினால் 72. மிச்சமிருந்த எட்டுக் கட்டங்களை, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், பார்க்கவே இல்லை. அட்டைக்கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் திரும்ப அடுக்க வரிசை எண் வேண்டுமல்லவா? அதை அடிக்க அந்த எட்டுக் கட்டம் பயன்பட்டது.

ஃபிக்ஸட் ஃபார்ம் என்பது இந்த அட்டையின் நகல். முதல் ஐந்து கட்டத்தில் லேபிள் எண். ஆறாவது கட்டத்தில் வெற்றிடமும் பூஜ்யமும் அல்லாத எது இருந்தாலும் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. ஏழு முதல் 72 வரை கட்டளை. முதல் கட்டத்தில் 'சி' எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருந்தால் வரி முழுக்க கமென்ட். ஃபோர்ட்ரான் 90 வந்தபோதுதான் ஃப்ரீ ஃபார்ம் வந்தது. அதில் கட்டக் கணக்கு கிடையாது, ஆச்சரியக்குறி போட்டால் கமென்ட், வரிக் கடைசியில் '&' போட்டால் தொடர்ச்சி.

இப்போது மேலே சொன்ன கதை புரிந்திருக்கும். ஃப்ரீ ஃபார்ம் என்று நினைக்கும் எடிட்டருக்கு, முதல் கட்டத்து 'சி' வெறும் ஒரு மாறியின் பெயர். அதற்கு அந்த வரி கமென்ட் இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் மேற்கோள் குறி ஸ்ட்ரிங்கின் ஆரம்பம்.

படி 1: முதலில் கம்பைலரைக் கேளுங்கள்

எடிட்டர் ஊகிக்கும், கம்பைலர் தீர்ப்புச் சொல்லும். ஜிஃபோர்ட்ரான் என்ற இலவசக் கம்பைலர் இருந்தால் கோப்பின் பெயரோடு '-எஃப்சின்டாக்ஸ்-ஒன்லி' என்று கொடுங்கள். இலக்கணத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும், ஆப்ஜெக்ட் கோப்பு எதையும் உருவாக்காது. பிறகு வடிவத்தைக் கட்டாயப்படுத்தி இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை '-எஃப்ஃபிக்ஸட்-ஃபார்ம்', ஒருமுறை '-எஃப்ஃப்ரீ-ஃபார்ம்'. இரண்டிலும் எஃப் இரண்டு தடவை வரும், அது தட்டச்சுப் பிழை இல்லை. எதில் பிழை இல்லாமல் போகிறதோ அதுதான் கோப்பின் வடிவம். இன்னொன்றில் பிழைச்செய்தி மழையாகக் கொட்டும்.

கம்பைலர் எதுவும் கைவசம் இல்லையென்றால் கண்ணாலேயே பார்க்கலாம். வரிகள் ஏழாவது கட்டத்தில் ஆரம்பிக்கின்றனவா, இடது ஓரத்தில் 'சி'யோ நட்சத்திரமோ வரிசையாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். முதல் கட்டத்திலிருந்தே கட்டளைகள் ஓடினால் ஃப்ரீ.

கோப்பின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். புள்ளி எஃப், புள்ளி ஃபார் என்று முடிந்தால் ஃபிக்ஸட், புள்ளி எஃப்90 என்றால் ஃப்ரீ என்பது கம்பைலர்கள் பொதுவாக வைத்திருக்கும் வழக்கம். ஆனால் புள்ளி எஃப் என்ற பெயரில் ஃப்ரீ ஃபார்ம் எழுதி, மேக்ஃபைலில் (எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கோப்பு) ஒரு ஆப்ஷன் போட்டுச் சமாளித்த திட்டங்களும் உண்டு. மேக்ஃபைலை ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண்போகாது.

படி 2: இது ஃபோர்ட்ரான் என்றாவது எடிட்டருக்குத் தெரியுமா?

விம் எடிட்டரில் ':வெர்போஸ் செட் ஃபைல்டைப்?' என்று கேளுங்கள். 'ஃபோர்ட்ரான்' என்று பதில் வரவேண்டும். அதோடு எந்தக் கோப்பு அப்படி முடிவெடுத்தது என்பதையும் சொல்லும். வேறு பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். புள்ளி எஃப் என்ற பின்னொட்டை ஃபோர்த் மொழிக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். புள்ளி இன்க் இன்னும் மோசம்: பிஎச்பி, பாஸ்கல், அசெம்ப்ளி என்று பலரும் பங்குபோட்டுக்கொண்ட பின்னொட்டு அது. பழைய ஃபோர்ட்ரானில், பல பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் மாறிகளான காமன் பிளாக்குகளை இப்படி ஒரு இன்க் கோப்பில் வைத்து எல்லா இடத்திலும் சேர்த்துக்கொள்வது வழக்கம் என்பதால், பிரதானக் கோப்பு சரியாகவும் இன்க் கோப்பு கோணலாகவும் நிறம் காட்டும்.

அந்த இன்க் கோப்பின் முதல் வரியில் ஒரு மோட்லைன் (எடிட்டருக்கான அமைப்பைச் சொல்லும் வரி) போடலாம். முதல் கட்டத்தில் 'சி', ஒரு வெற்றிடம், பிறகு 'விம்: செட் எஃப்டி=ஃபோர்ட்ரான் :'. ஆனால் டெபியன் போன்ற சில லினக்ஸ்களில் மோட்லைன் வசதியையே அணைத்துத்தான் தருகிறார்கள். பாதுகாப்புக் காரணம், குறை சொல்ல முடியாது. விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் 'செட் மோட்லைன்' என்று நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் மொழியின் பெயர் இருக்கும். 'பிளைன் டெக்ஸ்ட்' என்றிருந்தால் ஃபோர்ட்ரான் எக்ஸ்டென்ஷன் இல்லை என்று அர்த்தம். விஎஸ் கோடோடு ஃபோர்ட்ரான் நிறமிடல் வருவதில்லை, 'மாடர்ன் ஃபோர்ட்ரான்' எக்ஸ்டென்ஷனைத் தனியாகப் போட வேண்டும். முன்பு எப்போதோ போட்ட இன்னொரு ஃபோர்ட்ரான் எக்ஸ்டென்ஷனும் கிடந்தால் இரண்டும் ஒரே பின்னொட்டுக்கு உரிமை கொண்டாடும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

படி 3: ஃபிக்ஸடா, ஃப்ரீயா

விஷயத்தின் மையம் இதுதான். விம்மில் இருந்து ஆரம்பிக்கிறேன். அதன் நடத்தை சுவாரசியமானது.

விம்முக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பின்னொட்டிலும் தெளிவு கிடைக்காவிட்டால், அது கோப்பின் முதல் 500 வரிகளில் முதல் ஐந்து கட்டங்களைப் பார்த்து ஊகிக்கிறது. கமென்ட் வரிகளை விட்டுவிடும். மற்ற வரிகளில் அந்த ஐந்து கட்டத்துக்குள் எண், வெற்றிடம், டேப் தவிர வேறு எழுத்து ஏதாவது தென்பட்டால் ஃப்ரீ ஃபார்ம் என்று முடிவுகட்டிவிடும். ஒரே ஒரு வரி போதும். பின்னொட்டுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது விம்மின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. அதனால்தான் ஒரே கோப்பு உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் பக்கத்து மேசையில் வேறு மாதிரியும் தெரியும்.

அந்த ஒரே ஒரு வரி எங்கிருந்து வரும்? நான் அடிக்கடி பார்த்தவை இரண்டு. ஒன்று, கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் மெர்ஜ் செய்தபோது தீர்க்காமல் விட்ட முரண் குறி. இடது ஓரத்தில் ஏழு '<' வரிசையாக நிற்கும். இரண்டாவது, முதல் கட்டத்தில் 'டி' எழுத்து (டிபக் என்பதில் வரும் டி) போட்ட வரி. டெக் நிறுவனத்தின் கம்பைலர்களில் இருந்து வந்த பழக்கம் இது: டி வரிகள் பிழைதிருத்தும்போது மட்டும் கட்டளையாக ஓடும், மற்ற நேரத்தில் கமென்ட். ஜிஃபோர்ட்ரானும் '-எஃப்டி-லைன்ஸ்-அஸ்-கமென்ட்ஸ்' என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும். விம்முக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒரு டி வரியைப் பார்த்ததும் கோப்பு முழுவதையும் ஃப்ரீ ஆக்கிவிடும். நான் ஒருமுறை அரை நாள் தேடியும் காரணம் கிடைக்காமல் கிடந்தேன். கடைசியில் 212ஆவது வரியில் யாரோ ஒரு மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பார்க்கப் போட்ட டி.

திறந்திருக்கும் கோப்பு எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்று பார்க்க ':எக்கோ பி:ஃபோர்ட்ரான்_ஃபிக்ஸட்_சோர்ஸ்'. 1 என்றால் ஃபிக்ஸட், 0 என்றால் ஃப்ரீ. தவறென்றால் ':லெட் பி:ஃபோர்ட்ரான்_ஃபிக்ஸட்_சோர்ஸ்=1' என்று சொல்லிவிட்டு ':செட் சின்டாக்ஸ்=ஃபோர்ட்ரான்' என்று மறுபடி ஏற்றுங்கள். கண்ணெதிரே நிறம் மாறும். இது இந்த ஒரு கோப்புக்கு, இந்த ஒரு தடவைக்கு.

நிரந்தரமாக வேண்டுமென்றால் இரண்டு வழி. நீங்கள் தொடுவதெல்லாம் ஃபிக்ஸட்தான் என்றால் விம்ஆர்சியில் 'லெட் ஃபோர்ட்ரான்_ஃபிக்ஸட்_சோர்ஸ்=1'. இந்த வரி 'சின்டாக்ஸ் ஆன்' என்ற வரிக்கு மேலே இருக்கட்டும். நிறக் கோப்பு ஏறிய பிறகு போட்டால் அதற்குள் முடிவு எடுத்து முடிந்திருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டு வடிவமும் கலந்து வேலை செய்பவர்கள் வீட்டு அடைவில் இருக்கும் விம் அடைவுக்குள் 'எஃப்டிபிளகின்' என்று ஒரு அடைவு வைத்து, அதில் 'ஃபோர்ட்ரான்.விம்' கோப்பு எழுதி, பின்னொட்டைப் பார்த்து இந்த மாறியை மாற்றலாம். எக்ஸ்பாண்ட் செயற்கூறில் '%:ஈ' கொடுத்தால் பின்னொட்டு கிடைக்கும். இதற்கு விம்ஆர்சியில் 'ஃபைல்டைப் பிளகின் இன்டென்ட் ஆன்' என்ற வரி 'சின்டாக்ஸ் ஆன்' வரிக்கு முன்னால் வரவேண்டும். வரிசை மாறினால் பிழைச்செய்தி எதுவும் வராது, வேலைதான் நடக்காது.

டி வரிகளைக் கமென்டாகக் காட்ட, அதே விம் அடைவில் 'ஆஃப்டர்', அதற்குள் 'சின்டாக்ஸ்', அதற்குள் 'ஃபோர்ட்ரான்.விம்'. ஒரே வரி: 'சின்டாக்ஸ் மேட்ச் ஃபோர்ட்ரான்கமென்ட்', பிறகு இரட்டை மேற்கோளுக்குள் வரி ஆரம்பத்துக் கூரைக்குறி, டி எழுத்து, ஒரு வெற்றிடம், புள்ளி, நட்சத்திரம். ஃபோர்ட்ரான்கமென்ட் என்பதில் கமென்டின் சி பெரிய எழுத்து. ஃபிக்ஸட் கோப்பில் மட்டும் இது செல்லுபடியாக, மேலே சொன்ன பி: மாறி 1ஆ என்று ஒரு இஃப் போட்டுச் சுற்றிவிடுங்கள்.

ஈமாக்ஸ் எடிட்டரில் ஊக விளையாட்டே இல்லை. அங்கே இரண்டு தனித்தனி மோட்: ஃபிக்ஸடுக்கு ஃபோர்ட்ரான்-மோட், ஃப்ரீக்கு எஃப்90-மோட். பின்னொட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தவறினால் மெட்டா-எக்ஸ் (பொதுவாக ஆல்ட்-எக்ஸ்) போட்டுச் சரியான மோடின் பெயரைத் தட்டுங்கள். நிலையாக வேண்டுமென்றால் கோப்பின் முதல் வரியில் கமென்டாக '-*- மோட்: ஃபோர்ட்ரான் -*-'. எனக்கு இந்த அணுகுமுறைதான் பிடிக்கும். தவறினாலும் எதனால் தவறியது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் மொழிப் பெயரைத் தட்டினால் ஃபோர்ட்ரானின் இரண்டு வடிவமும் தனித்தனியாகப் பட்டியலில் இருக்கும். அதே பட்டியலின் மேல்பக்கம் இந்தப் பின்னொட்டுக்கு எப்போதும் எந்த மொழி என்று கட்டிவைக்கும் வசதியும் உண்டு. குழுவாக வேலை செய்தால் செட்டிங்ஸ் கோப்பில் 'ஃபைல்ஸ்.அசோசியேஷன்ஸ்' என்பதன் கீழ் எழுதி, அதைத் திட்டத்தின் அடைவிலேயே போட்டுவையுங்கள். ஆளாளுக்குத் தனியாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நோட்பேட்++, கேட், ஜீனி மூன்றிலும் இரண்டு வடிவமும் தனித்தனி மொழியாக மெனுவில் இருக்கும். ஜீனியில் மட்டும் ஃபிக்ஸடுக்குப் பெயர் எஃப்77.

அமைப்பு சரிதானா என்று சோதிக்க ஒரு நல்ல மாதிரி: நெட்லிப் தளத்தில் கிடைக்கும் லேபேக் தொகுப்பின் டிஜெம் கோப்பு. அணிப் பெருக்கலுக்கானது, ஃபிக்ஸட் ஃபார்ம், ஆரம்பத்தில் நட்சத்திரமும் '>' குறியும் போட்ட நீளமான கமென்ட் பகுதி. அந்தப் பகுதி முழுக்க ஒரே கமென்ட் நிறத்தில் தெரிந்தால் உங்கள் அமைப்பு சரி, கோளாறு உங்கள் கோப்பில்தான்.

படி 4: டேப்

ஃபோர்ட்ரான் தரநிலைக்கு டேப் என்ற ஒன்றே தெரியாது. விம் அதனால் டேப்பைப் பிழை நிறத்தில் காட்டும். கோப்பு முழுக்கச் சிவப்புப் பட்டைகள் தெரிந்தால் காரணம் இதுதான். 'லெட் ஃபோர்ட்ரான்_ஹேவ்_டேப்ஸ்=1' என்று, இதையும் 'சின்டாக்ஸ் ஆன்' வரிக்கு மேலே, போட்டால் பட்டைகள் போய்விடும்.

அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. டேப்பை எல்லாம் எட்டு வெற்றிடமாக மாற்றி ஒழித்துவிடுவோம் என்று இறங்குவார்கள். அங்கேதான் கண்ணிவெடி. டெக் வழக்கப்படி, வரி ஆரம்பத்தில் ஒரு டேப், அதையொட்டி 1 முதல் 9 வரை ஒரு இலக்கம் இருந்தால் அது தொடர்ச்சி வரி. ஜிஃபோர்ட்ரான் இதைப் புரிந்துகொள்ளும். நீங்கள் டேப்பை எட்டு வெற்றிடமாக விரித்தால் அந்த இலக்கம் ஒன்பதாவது கட்டத்துக்குப் போய்விடும். தொடர்ச்சிக் குறியாக இருந்தது இப்போது கட்டளையின் ஒரு பகுதி.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வரி ஆரம்ப டேப்பும் இலக்கமும் சேர்ந்து வரும் இடங்களை ஐந்து வெற்றிடமும் அதே இலக்கமுமாக மாற்றுங்கள். அடுத்து, லேபிள் எண்ணுக்குப் பின் டேப் வரும் வரிகள். எண்ணும் வெற்றிடமும் சேர்ந்து ஆறு கட்டம் ஆகும்படி நிரப்புங்கள். கடைசியாக மிச்சமுள்ள வரி ஆரம்ப டேப்புகளை ஆறு வெற்றிடமாக்குங்கள். அப்புறம் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒரே பெயரில் இரண்டு அடைவில் வைத்து, பிழைதிருத்தத் தகவல் சேர்க்காமல், ஒரே ஆப்ஷன்களோடு கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுங்கள். பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பெயர் ஏன் என்றால், ரீட், ரைட் கட்டளைகளோடு கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் ஜிஃபோர்ட்ரான் உள்ளே எழுதிவிடுகிறது. பெயர் மாறினாலோ ஒரு வரி கூடினாலோ வித்தியாசம் காட்டும், நீங்கள் வீணாகப் பயப்படுவீர்கள்.

படி 5: 72ஐத் தாண்டிய எழுத்துகள்

இங்கே நிறம் தவறாகத் தெரிந்தால் பெரும்பாலும் தவறு எடிட்டரில் இல்லை, கோப்பில். விம் ஃபிக்ஸட் கோப்பில் 73ஆவது கட்டத்திலிருந்து எல்லாவற்றையும் தனி நிறத்தில் காட்டும். வரிசை எண் பகுதி என்று கணக்கு. ஈமாக்ஸ் கமென்டாகக் காட்டும். அந்த நிறம் அசிங்கமாக இருக்கிறது என்று அணைத்துவிடாதீர்கள். ஏன் என்று பாருங்கள்.

நீளமான கூட்டல் ஒன்று: டோட்டல் = பேசிக் + அலவ் + இன்னும் பல + ரேட்ஸ். 'ரேட்ஸ்' என்ற மாறியின் கடைசி 'எஸ்' மட்டும் 73ஆவது கட்டத்தில் விழுகிறது. கம்பைலருக்குத் தெரிவது 'ரேட்' வரைதான். மற்ற மொழிகளில் அப்படி ஒரு மாறி இல்லை என்று கத்தும். பழைய ஃபோர்ட்ரானில் மாறியை அறிவிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஐ முதல் என் வரையான எழுத்தில் ஆரம்பித்தால் முழு எண், மற்றதெல்லாம் ரியல் என்று தானே உருவாக்கிக்கொள்ளும். ஆக 'ரேட்' என்று ஒரு புது ரியல் மாறி பிறக்கிறது, உள்ளே என்ன கிடக்கிறதோ அதுதான் மதிப்பு. நிரல் ஓடும். விடை தவறாக வரும். எடிட்டரில் அந்த ஒற்றை எழுத்து மட்டும் வேறு நிறத்தில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே துப்பு.

எனவே 73இல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விம்மில் ':செட் கலர்காலம்=73', விஎஸ் கோடில் 'எடிட்டர்.ரூலர்ஸ்' என்பதில் 72. ஈமாக்ஸில் கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-ஆர் அடித்தால் நீங்கள் நிற்கும் வரிக்கு மேல் ஒரு அளவுகோல் தோன்றி மறையும். அழகான வசதி, பலருக்குத் தெரியாது. கூடவே கம்பைலருக்கு '-டபிள்யூஆல்', டபிள்யூ பெரிய எழுத்து. அதில் வெட்டுப்படும் வரிகளுக்கான எச்சரிக்கையும் அடங்கும்.

சில திட்டங்களில் வேண்டுமென்றே 132 கட்டம் வரை எழுதியிருப்பார்கள், மேக்ஃபைலில் '-எஃப்ஃபிக்ஸட்-லைன்-லெங்த்-132' இருக்கும். அப்போது மட்டும் எடிட்டரின் எல்லையைத் தள்ளி வையுங்கள். ஈமாக்ஸில் மெட்டா-எக்ஸ், 'ஃபோர்ட்ரான்-லைன்-லெங்த்' என்ற கட்டளை. அதே பெயரில் மாறியும் இருக்கிறது. மோட் ஏறிய பிறகு மாறியை நேரடியாக மாற்றினால் பலிக்காது, கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

படி 6: ஹாலரித்

வடிவம் சரி, டேப் சரி, ஆனாலும் ஏதோ ஒரு ஃபார்மட் (அச்சிடும் வடிவத்தைச் சொல்லும்) வரிக்குக் கீழே நிறம் ஓடிக்கொண்டே போகிறது. அந்த வரியை உற்றுப் பாருங்கள். இப்படி ஒன்று இருக்கலாம்: 5, பிறகு ஹெச், பிறகு டோன்'ட்.

மேற்கோள் குறிக்குள் எழுத்துகளை வைக்கும் வசதி தரநிலையில் வருவதற்கு முன்பு, எத்தனை எழுத்து என்று எண்ணி, எண்ணோடு ஹெச் சேர்த்து எழுதினார்கள். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டை இயந்திரம் செய்த ஹெர்மன் ஹாலரித்தின் பெயரில் வரும் ஹெச் அது. டி, ஓ, என், மேற்கோள், டி. ஐந்து. கம்பைலர் எண்ணிப் பார்க்கும். எடிட்டர்களின் நிறமிடல் பேட்டர்ன் பொருத்தத்தில் நடக்கிறது. "முன்னால் இருக்கும் எண் எத்தனையோ அத்தனை எழுத்து" என்று பேட்டர்னில் பொதுவாகச் சொல்ல வழியில்லை. அதனால் உள்ளே இருக்கும் மேற்கோளைப் பார்த்ததும் ஸ்ட்ரிங் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்கிறது.

ஃபார்மட்டுக்குள் இருக்கும் ஹாலரித் என்றால் சாதாரண ஸ்ட்ரிங்காக மாற்றிவிடலாம், உள்ளே வரும் மேற்கோளை இரட்டித்து எழுதினால் போதும். ஃபோர்ட்ரான் 95 தரநிலை ஹெச் விவரிப்பை நீக்கியே விட்டது, ஆக மாற்றம் நியாயமானதுதான். ஆனால் டேட்டா கட்டளையில், முழு எண் மாறிக்குள் எழுத்துகளைத் திணிக்க ஹாலரித் பயன்பட்டிருந்தால் தொடாதீர்கள். அங்கே அது எழுத்து வடிவம் மட்டுமல்ல, நினைவகத்தில் பைட்டுகள் எப்படி உட்கார்கின்றன என்பதும் சேர்ந்தது. அந்த இடத்தில் நான் செய்வது ஒரு சின்னத் தில்லுமுல்லு: அடுத்த வரியில் ஒரு கமென்ட், அதில் ஒரே ஒரு மேற்கோள் குறி. விம் அதை ஸ்ட்ரிங்கின் முடிவாக எடுத்துக்கொள்ளும், கம்பைலருக்கு அது வெறும் கமென்ட். பார்க்க அழகில்லை. பக்கத்தில் "நிறத்துக்காக" என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அழித்துவிடுவார்.

சரிசெய்யவே முடியாதவை

ஃபோர்ட்ரானில் ஒதுக்கப்பட்ட சொல் என்று எதுவும் கிடையாது. 'இஃப்' என்ற பெயரில் மாறி வைத்து அதற்கு 3 என்று மதிப்புக் கொடுக்கலாம், சட்டப்படி சரி. 'டேட்டா', 'எண்ட்' இரண்டும் அப்படியே. எடிட்டர் அவற்றைக் கீவேர்டாகத்தான் காட்டும். விட்டுவிடுங்கள்.

ஃபிக்ஸட் ஃபார்மில் வெற்றிடத்துக்கும் மதிப்பில்லை. 'டூ 10 ஐ = 1,5' என்றால் ஒரு சுற்று. கால்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்து '1.5' ஆகிவிட்டால், வெற்றிடங்களை நீக்கிப் படிக்கும் கம்பைலருக்கு அது 'டூ10ஐ' என்ற மாறிக்கு 1.5 என்ற மதிப்பு. இரண்டிலும் எடிட்டர் 'டூ'வைக் கீவேர்ட் நிறத்தில்தான் காட்டப் பார்க்கும். 1962இல் மரைனர் 1 விண்கலம் அழிந்தது இந்தப் புள்ளியால்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை, அங்கே நடந்த தவறு வேறு. ஆனாலும் இந்தப் பிழையை நிறத்தை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. அறிவிக்காத மாறிகளைப் பிழையாக்கும் '-எஃப்இம்ப்ளிசிட்-நன்' ஆப்ஷன்தான் பிடித்துக்கொடுக்கும்.

உருட்டும்போது மட்டும் நிறம் மாறினால்

கோப்பின் நடுவுக்குத் தாவியதும் நிறம் கோணல், மேலே போய்த் திரும்பி வந்தால் சரி. இது வேறு வகை. வேகத்துக்காக விம் கொஞ்சம் மேலேயிருந்து மட்டும் படித்து நிறத்தைத் தீர்மானிக்கும், அதற்கும் மேலே ஆரம்பித்த ஸ்ட்ரிங் அதற்குத் தெரியாது. ':சின்டாக்ஸ் சின்க் ஃப்ரம்ஸ்டார்ட்' என்றால் எப்போதும் முதல் வரியிலிருந்து படிக்கும். பத்தாயிரக்கணக்கான வரி உள்ள கோப்பில் மந்தமாகலாம். நிறம் மொத்தமாக அணைந்து, ரீட்ராடைம் தாண்டியது என்று செய்தி வந்தால் ':செட் ரீட்ராடைம்=10000'. இயல்பில் அது 2000 மில்லிவினாடி.

இத்தனைக்கும் பிறகு ஒரு சொல் மட்டும் தவறான நிறத்தில் நின்றால், அது எந்தப் பிரிவில் விழுந்திருக்கிறது என்று எடிட்டரையே கேட்கலாம். விம்மின் உதவிப் பக்கத்தில் 'சின்ஐடி()' என்று தேடினால், கர்சருக்குக் கீழே இருப்பதன் பிரிவுப் பெயரைக் காட்டும் வரி உதாரணமாகவே இருக்கும். அப்படியே நகலெடுத்து ஒரு கீயில் கட்டிவையுங்கள். நியோவிம்மில் ':இன்ஸ்பெக்ட்', ஐ பெரிய எழுத்து. விஎஸ் கோடில் கட்டளைப் பட்டியைத் திறந்து 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ்' என்று தேடுங்கள். காட்டும் பெயர் சரியாக இருந்து நிறம் மட்டும் தவறென்றால் அப்போதுதான் தீமின் மேல் பழி போடலாம். பெயரே தவறென்றால், அந்தக் கோப்பை வெட்டிக்கொண்டே வந்து, தவறு இன்னும் தெரியும் மிகச் சிறிய துண்டாக ஆக்குங்கள். பத்து வரிக்குள் வந்துவிடும். விம்மின் நிறக் கோப்பில் முதல் சில வரிகளில் பராமரிப்பவர் யார் என்று எழுதியிருக்கும். அந்தப் பத்து வரியையும் உங்கள் விம் பதிப்பு எண்ணையும் பி: மாறியின் மதிப்பையும் சேர்த்து அவருக்கு அனுப்புங்கள்.